ஊரில் 198, இங்கே 11: இரத்தத்தில் சீனி எவ்வளவு?

வவுனியாவிலிருந்து மகளிடம் வந்து சேர்ந்து மூன்று மாதங்களே ஆன ஓர் அம்மாவின் கதையோடு தொடங்குகின்றோம். பெயர் வேண்டாம். நம்மவர் மத்தியில் இக்கதை பல பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த அம்மா பத்து வருடங்களாகச் சலரோகத்துக்குக் குளிசை எடுத்து வந்தவர். ஊரில் புறப்படுமுன்னர் வெறுவயிற்றில் பார்த்த இரத்தப் பரிசோதனையில் 198 என்று வந்தது. "கூடத்தான், கவனமாயிருங்கோ" என்று அங்குள்ள வைத்தியர் சொல்லி அனுப்பினார். கனடா வந்து சில வாரங்களில் இங்குள்ள குடும்ப வைத்தியர் மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு 11. அதை வாசித்துச் சொன்னவன் பதினொரு வயதுப் பேரன். "அம்மம்மா, உங்களுக்குப் பதினொன்றுதானாம்!"

198 எங்கே, 11 எங்கே! குளிர் நாட்டுச் சாப்பாடு தன் வருத்தத்தைத் தீர்த்துவிட்டது என்றே அந்த அம்மா நம்பினார். குளிசையை நிறுத்தினார். தைப்பொங்கலுக்கு புக்கையும் கதலி வாழைப்பழமும் மனங்குளிரச் சாப்பிட்டார். இரண்டு கிழமை கழித்து ஓயாத தாகம், இரவில் நாலைந்து தடவை எழும்பிப் போதல், கண் மங்கல். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தபோது 24. "இருபத்துநாலு தானே, ஏன் இப்படி ஓடித் திரிகிறார்கள்?" என்று மருமகன் அங்கேயே கேட்டாராம்.

ஊரின் கணக்கில் அந்த 24 என்பது 432. முன்னைய 11 என்பது அச்சொட்டாக அதே 198. அந்த அம்மாவின் இரத்தத்தில் எதுவுமே குறைந்திருக்கவில்லை. அளந்த கோல்தான் மாறியிருந்தது.

இதில் அந்த அம்மாவில் குறை சொல்ல எதுவுமில்லை. பேரனிலும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையை வைத்தியத்துக்கு மொழிபெயர்ப்பாளராக்கும் நிலை நமக்கு எப்படி வந்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய விடயம். இங்கே நாம் கதைக்க வந்தது இலக்கத்தின் பின்னால் எழுதப்பட்டிருக்கும் சின்ன எழுத்துகளைப் பற்றி. நம்மில் அநேகர் இலக்கத்தைப் பார்ப்போம், அதன் வாலைப் பார்ப்பதில்லை. ஊர் றிப்போட்டில் அந்த வால் "எம்.ஜி./டி.எல்." இங்குள்ள றிப்போட்டில் அது "எம்.மோல்/எல்."

முதலில் ஓர் எளிய வித்தியாசம். ஒரு கிராம், ஒரு மில்லிகிராம், ஒரு கிலோ என்பவை திணிவின் அலகுகள். எவ்வளவு பொருள் என்பதை மட்டும் சொல்லும். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். அது கரண்டியில் இருந்தாலும் 4 கிராம், தேநீரில் கரைந்தாலும் 4 கிராம், கிணற்றில் போட்டாலும் 4 கிராம். ஆனால் தேநீர் இனிக்கும், கிணறு இனிக்காது. நாக்கு உணர்வது சீனியின் திணிவை அல்ல. எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு சீனி என்பதைத்தான் அது உணர்கிறது. அதற்குப் பெயர் செறிவு. ஊரில் சாதாரண தரம் படித்தவர்களுக்கு இச்சொல் நினைவிருக்கும்.

இரத்தப் பரிசோதனை சொல்வதும் செறிவையே. "எனக்குச் சீனி 198" என்று நாம் சொல்லும்போது உண்மையில் சொல்வது, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில், அதாவது 100 மில்லிலீற்றரில், 198 மில்லிகிராம் குளுக்கோசு உண்டு என்பதை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய 5 லீற்றர். சுகதேகியின் இரத்தத்தில் வெறுவயிற்றில் இருக்கும் குளுக்கோசு முழுவதையும் வழித்தெடுத்து நிறுத்தால் 4.5 கிராம் அளவில்தான் வரும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட! அது 9 கிராமாக, இரண்டு தேக்கரண்டியாகும்போது நாம் 180 இல் நிற்போம். வாழ்நாள் முழுவதும் கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரிப்பது அந்த ஒரு தேக்கரண்டி வித்தியாசம்தான். (இதைக் கேட்டுவிட்டு, தேநீரில் போடும் ஒரு கரண்டி முழுவதும் அப்படியே இரத்தத்தில் போய் நின்றுவிடும் என்று எண்ணவேண்டாம். சுகதேகியின் உடல் இன்சுலினைக் கொண்டு அதை உடனுக்குடன் ஈரலுக்கும் தசைக்கும் அனுப்பிவிடும். சலரோகத்தில் பழுதாவது அந்த அனுப்பும் வேலைதான்.)

சரி, அந்த 198 ஏன் 11 ஆனது?

யாழ்ப்பாணத்துச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காயை எண்ணி விற்பார்கள். மிளகாயை நிறுத்து விற்பார்கள். இரண்டும் அளவுதான், வழி வேறு. ஊர் ஆய்வுகூடம் குளுக்கோசை நிறுத்துச் சொல்கிறது. இங்குள்ள ஆய்வுகூடம் எண்ணிச் சொல்கிறது. குளுக்கோசின் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண எவராலும் முடியாது என்பதால், ஒரு பெரிய எண்ணிக்கையைக் கட்டாகக் கட்டி அதற்கு "மூல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 12 கொண்டது ஒரு டசின் என்பதுபோல, 6.022 ஐ எழுதி அதைப் பத்தின் 23 ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண்ணிக்கை கொண்டது ஒரு மூல். அவகாதரோ மாறிலி என்று உயர்தர வகுப்பில் பாடமாக்கியது இதுவே. உயர்தரம் எடுத்த தகப்பன்மாருக்கு ஒரு செய்தி: நாம் படித்தபோது 12 கிராம் காபன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்றுதான் மூலுக்கு வரைவிலக்கணம் சொன்னார்கள். 2019 மே 20 முதல் அது மாறிவிட்டது. இப்போது அந்த எண்ணிக்கையே நேராக நிர்ணயிக்கப்பட்டுள்ளது. பிள்ளையின் பாடப்புத்தகத்தில் வேறு விதமாக இருந்தால் ஆசிரியர் பிழை என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

ஒரு மூல் குளுக்கோசு 180 கிராம் நிறையுள்ளது. ஆகவே ஒரு மில்லிமூல் 180 மில்லிகிராம். இங்குள்ள றிப்போட் ஒரு லீற்றருக்குக் கணக்குச் சொல்கிறது, ஊர் றிப்போட் அதில் பத்திலொன்றான டெசிலீற்றருக்குச் சொல்கிறது. எனவே லீற்றருக்கு ஒரு மில்லிமூல் என்பது டெசிலீற்றருக்கு 18 மில்லிகிராம். அந்த 18 தான் சாவி. ஊர் இலக்கத்தை 18 ஆல் பிரித்தால் இங்குள்ள இலக்கம். இங்குள்ளதை 18 ஆல் பெருக்கினால் ஊர் இலக்கம்.

சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்க விரும்புவோருக்காக: 72 என்றால் 4. 90 என்றால் 5. 126 என்றால் 7. 180 என்றால் 10. 270 என்றால் 15. 360 என்றால் 20. வெறுவயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல் இருப்பது சலரோகத்தைக் காட்டும் எல்லை. வருத்தம் உள்ள பெரும்பாலானோருக்கு, சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, சாப்பிட்டு இரண்டு மணி கழித்து 5 முதல் 10 என்பதையே கனடாவில் குறியாக வைக்கிறார்கள். வயது போனவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது மாறும். உங்களுக்குரிய குறியை உங்கள் வைத்தியரே சொல்லவேண்டும்.

4 க்குக் கீழே போவதுதான் உடனடி ஆபத்து. வியர்வை, நடுக்கம், பசி, தடுமாற்றம். இலக்கத்தைத் தவறாக விளங்கிக்கொண்டால் இந்தப் பக்கத்திலும் விபரீதம் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த கருவி 60 என்று காட்ட, "அறுபதா! இங்கே பத்துக்கு மேலே போகக்கூடாது என்றார்களே" என்று பதறி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் என்னவாகும்? 60 என்பது 3.3. அவருக்கு அப்போது தேவை இன்சுலின் அல்ல, சீனி. எவ்வளவு சீனி? 15 கிராம். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, 150 மில்லிலீற்றர் பழச்சாறாகவோ குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். கவனியுங்கள், வாயால் எடுப்பதைக் கிராமில், அதாவது திணிவில் சொல்கிறோம். இரத்தத்தில் பார்ப்பதைச் செறிவில் சொல்கிறோம். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடமுடியாது.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னர் வந்த சில கருவிகளில் எந்த அலகில் காட்டவேண்டும் என்று பாவிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். நேரத்தைச் சரிசெய்யப் போய் கைதவறி அலகு மாறிப்போன சம்பவங்கள் காரணமாக 2005 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. ஊரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பெட்டியில் வந்த கருவி இருந்தால் அதன் திரையில் இலக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு எழுத்தை ஒருமுறை கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். முடிந்தால் இங்குள்ள கருவிக்கே மாறிவிடுங்கள். வீட்டில் இரண்டு அலகில் இரண்டு கருவி இருப்பது நல்லதல்ல.

நம்மவர் பல நாடுகளில் சிதறி வாழ்வதால் குழப்பம் மேலும் பெருகுகிறது. இலங்கை, இந்தியா, அமெரிக்கா ஆகியன மில்லிகிராமில் நிற்கின்றன. கனடா, பிரித்தானியா, நோர்வே, அவுஸ்திரேலியா போன்றவை மில்லிமூலுக்கு மாறிவிட்டன. ஜேர்மனியில் இரண்டும் வழக்கில் உண்டு. பிரான்சில் லீற்றருக்கு இத்தனை கிராம் என்று எழுதுவார்கள். ஒரே குடும்பத்தில் கொழும்பில் தமக்கையும் பாரிசில் தம்பியும் ரொறன்ரோவில் தங்கையும் ஒருநாள் தொலைபேசியில் கதைத்தால், 126 என்பார் தமக்கை, 1.26 என்பார் தம்பி, 7 என்பார் தங்கை. மூவருக்கும் ஒரே அளவு சீனி. யார் யாருக்குப் புத்தி சொல்வது?

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. 18 என்ற சாவியைக் கண்டுகொண்ட சிலர் அதைக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்ப்பார்கள். கொலஸ்ரரோலை எடுங்கள். ஊரில் 200 என்று இருந்ததை 18 ஆல் பிரித்தால் 11. இங்குள்ள றிப்போட்டிலோ 5.2 என்று இருக்கிறது. "பாதியாகக் குறைந்துவிட்டது!" இல்லை, குறையவில்லை. கொலஸ்ரரோல் மூலக்கூறு குளுக்கோசைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பாரமானது. ஒரு மூல் ஏறக்குறைய 387 கிராம். அதற்குச் சாவி 38.7. ஒரு கிலோ கறுத்தக்கொழும்பானையும் ஒரு கிலோ தேசிக்காயையும் எண்ணிப் பாருங்கள், விளங்கும். நிறை ஒன்று, எண்ணிக்கை வேறு. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் மூலக்கூற்றுப் பாரத்துக்கேற்ற தனிச் சாவி உண்டு.

சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியற்றினின் பரிசோதனை இதைவிடப் பயமுறுத்தும். ஊரில் 1.1 ஆக இருந்தது இங்கே 97 என்று வரும். அப்பாவின் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று வீடே அழுத கதையும் நாம் அறிவோம். அதற்குச் சாவி 88.4, இங்குள்ள அலகு மைக்ரோமூல். 1.1 உம் 97 உம் ஒன்றே. குருதிச் சோகைக்குப் பார்க்கும் ஈமோகுளோபினில் மூல் வரவே இல்லை, டெசிலீற்றர் லீற்றராக மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே ஊரின் 12 இங்கே 120. அவ்வளவுதான்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனையையும் சொல்லிவிடுகிறோம். கனடாவிலும் இலங்கையிலும் அது சதவீதத்தில் வருவதால் இங்குள்ளவர்களுக்குக் குழப்பமில்லை. ஆனால் இலண்டனிலுள்ள உறவினர் "எனக்கு 53" என்று சொன்னால் திடுக்கிடாதீர்கள். அங்கே வேறு அளவுகோல். அவருடைய 53 நமது 7 சதவீதம். அவர்களுடைய 48 நமது 6.5. இதற்கு ஒரேயொரு எண்ணால் பெருக்கும் சுருக்க வழி கிடையாது. அட்டவணையைத்தான் பார்க்கவேண்டும்.

ஏன் இந்த நாடுகள் எண்ணும் முறைக்கு மாறின என்று கேட்பீர்கள். மூல் 1971 இல் சர்வதேச அலகு முறைக்குள் சேர்க்கப்பட்டது. 1977 இல் உலக சுகாதார சபை மருத்துவத்திலும் அம்முறையைக் கைக்கொள்ளும்படி பரிந்துரைத்தது. உடலுக்குள் நடக்கும் இரசாயனத்தில் மூலக்கூறுகள் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற எண்ணிக்கையில்தான் சேர்கின்றன, பிரிகின்றன. தராசு அங்கே இல்லை. அந்த வகையில் எண்ணும் முறை நியாயமானதே. ஆனால் ஊர் மாறி வந்த ஒரு கிழவிக்கு அதை யாராவது ஒருவர் ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்பதும் எமது கருத்து.

இனி இளம் தாய்மாரிடம் வருகிறோம். உங்களுக்குச் சலரோகம் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

காய்ச்சல் பாணி மருந்துப் போத்தலில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். "5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம்" என்பதுபோல. இதுவும் செறிவு. பிள்ளைக்கு வேண்டியது மில்லிகிராமில் ஒரு திணிவு. பரசிற்றமோல் பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு. (இங்கே அதை அசெற்றாமினோபென் என்பார்கள். ரைலனோல், ரெம்ப்ரா என்ற பெயர்களில் விற்கும். நமது பனடோல்தான்.) 10 கிலோப் பிள்ளைக்குக் கூடியது 150 மில்லிகிராம். ஆனால் நாம் போத்தலிலிருந்து எடுப்பது மில்லிகிராமை அல்ல, மில்லிலீற்றரை. இடையில் பாலமாக நிற்பது செறிவு. அது தெரியாமல் "ஒரு கரண்டி கொடுத்தேன்" என்பதற்கு அர்த்தமே இல்லை.

கனடாக் கடைகளில் ஒரே தட்டில் இரண்டு வகை நிற்கும். ஒன்று பிள்ளைகளுக்கான பாணி, 5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம். மற்றது கைக்குழந்தைகளுக்கான துளிமருந்து, ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம். குழந்தைக்கான மருந்துதானே, மென்மையாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறு. குழந்தை அதிகம் விழுங்காது என்பதால் சொற்ப துளியில் மருந்தை இறுக்கி வைத்திருக்கிறார்கள். பாணியைவிட அது இரண்டரை மடங்கு செறிவு. பாணி போத்தல் முடிந்துவிட்டது, தங்கச்சியின் துளிமருந்து இருக்கிறது என்று எடுத்து, வழக்கமான 5 மில்லிலீற்றரைக் கொடுத்தால் அந்த 10 கிலோப் பிள்ளைக்குள் போவது 400 மில்லிகிராம். ஒருமுறை நடந்தால் ஒருவேளை தப்பலாம். காய்ச்சல் விடவில்லையென்று நாலு மணிக்கொரு தடவை இரண்டு நாள் கொடுத்தால் ஈரல் பழுதாகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே முதல் நாள் போய்விடும் என்பதுதான் இதில் மிகப் பயங்கரமானது. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவென்றே அமெரிக்காவில் 2011 முதல் தயாரிப்பாளர்கள் குழந்தைத் துளியை நிறுத்தி எல்லாவற்றையும் 5 மில்லிலீற்றரில் 160 என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவந்தனர்.

ஊரிலிருந்து வருவோர் கையில் பெரும்பாலும் 5 மில்லிலீற்றரில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள போத்தல் இருக்கும். இலண்டனில் சிறு பிள்ளைகளுக்கு 120, ஆறு வயதுக்கு மேல் 250. பாரிசிலிருந்து வந்த போத்தலில் "2.4 சதவீதம்" என்று எழுதியிருக்கும். அதாவது 100 மில்லிலீற்றரில் 2.4 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதுவும் இலண்டனின் 120 உம் ஒரே செறிவுதான், எழுதும் விதம்தான் வேறு! ஆனால் பாரிஸ் போத்தலோடு வரும் உறிஞ்சு குழாயில் மில்லிலீற்றர் கோடுகள் இராது, பிள்ளையின் கிலோக் கோடுகள் இருக்கும். அந்தக் குழாயைக் கழுவி வைத்து வேறு போத்தலுக்குப் பாவிக்கவே கூடாது. குழாயும் போத்தலும் சோடி. சோடி பிரிந்தால் இரண்டையும் எறியுங்கள்.

சமையலறைக் கரண்டியையும் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வோர் அளவு. மருந்தகத்தில் கேட்டால் கோடு போட்ட பிளாஸ்ரிக் சிறிஞ்சு ஒன்று தருவார்கள். அநேகமாக இலவசமாகவே தருவார்கள். மருந்தாளரிடம் பிள்ளையின் நிறையையும் போத்தலையும் காட்டி, "எத்தனை மில்லிலீற்றர்?" என்று கேட்டு, போத்தலிலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். கூடக் கொடுத்துவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் பொறுத்திராமல் உடனே நஞ்சுத் தகவல் நிலையத்தையோ வைத்தியசாலையையோ நாடுங்கள். போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள்.

பால்மாவிலும் இதே கதை. இங்கிலாந்துப் பேணிகளில் 30 மில்லிலீற்றர் தண்ணீருக்கு ஒரு கரண்டி. வட அமெரிக்காவில் பல மாக்களுக்கு 60 மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி. கரண்டியின் அளவும் வேறு. ஒரு பேணியின் கரண்டியை மற்றப் பேணிக்குள் போடாதீர்கள். காசு மிச்சம்பிடிக்க மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவதும் வேண்டாம். வந்த புதிதில் பணமுடை எல்லோருக்கும் தெரிந்ததே, யாரும் குறை நினைக்கமாட்டார்கள். ஆனால் தண்ணீர் கூடினால் குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு இறங்கி வலிப்பு வரும். பால் வாங்க முடியாத நிலை என்றால் வைத்தியரிடமோ சமூக சேவையாளரிடமோ வாய்திறந்து கேளுங்கள்.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற் ஊரில் தெரியாத வீடில்லை. அந்த வகைப் பக்கற்றின் சூட்சுமமே செறிவில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில், ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் வேறு இரண்டு உப்புகளும் உண்டு. நிறையில் பார்த்தால் குளுக்கோசு எங்கே, உப்பு எங்கே! ஆனால் எண்ணிப் பார்த்தால் லீற்றருக்குக் குளுக்கோசு 75 மில்லிமூல், சோடியமும் 75 மில்லிமூல். குடலில் இவை இரண்டும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, தண்ணீர் பின்னால் இழுபட்டு வருகிறது. அதனால்தான் அந்தச் சமன். ஒரு லீற்றருக்குரிய பக்கற்றை 200 மில்லிலீற்றர் குவளைக்குள் கொட்டினால் பக்கற்றுக்குள் இருந்த திணிவு மாறவில்லை, செறிவு ஐந்து மடங்காகிறது. அது பிள்ளையின் உடலிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். இந்தியாவில் 200 மில்லிலீற்றருக்கென்றே சிறிய பக்கற்றுகளும் விற்பதால், எது என்று பார்த்துக் கரையுங்கள்.

கடைசியாக, தமிழகத்து முகாம்களில் இருந்துவிட்டு வந்த இன்சுலின் பாவிக்கும் பெரியவர்களுக்கு. இதைத் தயவுசெய்து இரண்டுமுறை வாசியுங்கள். இந்தியாவில் சிறு குப்பிகளில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் குப்பியில் வருவது மில்லிலீற்றருக்கு 100 அலகு. (பிரித்தானியா 1983 இல் அந்த ஒரே செறிவுக்கு மாறியது.) ஒவ்வொன்றுக்கும் அதற்கான சிறிஞ்சு உண்டு. 40 க்குரியதற்குச் சிவப்பு மூடி, 100 க்குரியதற்குச் செம்மஞ்சள் மூடி. பெட்டியில் கொண்டுவந்த சிவப்பு மூடிச் சிறிஞ்சில் இங்குள்ள இன்சுலினை 20 ஆம் கோடுவரை இழுத்தால், நீங்கள் இழுத்தது அரை மில்லிலீற்றர். உள்ளே போவது 20 அலகு அல்ல, 50 அலகு. நித்திரையிலேயே சீனி இறங்கிவிடும். மறுபுறமாக இந்தியக் குப்பியைச் செம்மஞ்சள் மூடிச் சிறிஞ்சில் இழுத்தால் 20 அலகு என்று நினைத்துப் போடுவது வெறும் 8 அலகு. கொண்டுவந்த சிறிஞ்சுகளை மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பேனா வடிவ ஊசி தரப்பட்டால், அதில் மில்லிலீற்றருக்கு 200, 300 அலகு என்று இன்னும் செறிந்தவையும் உண்டு. பேனா தானே கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அதற்குள்ளிருந்து சிறிஞ்சால் இழுக்கமட்டும் கூடாது.

வைத்தியரிடம் போகும்போது ஊர் றிப்போட்டையும் ஊர் மருந்துப் பெட்டிகளையும் கையோடு கொண்டுபோங்கள். இங்குள்ள வைத்தியர்களில் சிலருக்கும் அந்த 198 ஐக் கண்டதும் ஒரு கணம் புருவம் உயரும். பிறகு கணக்குப் போட்டுக்கொள்வார்கள். வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் பல இடங்களில் ஒழுங்குசெய்து தருவார்கள். பிள்ளையைத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தால், இலக்கத்தோடு அலகையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிப் பழக்குங்கள்.

நாம் முதலில் சொன்ன அந்த அம்மா ஐந்து நாட்களில் வீடு திரும்பினார். இப்போது அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கீறி, இடப்பக்கம் "கனடா", வலப்பக்கம் "ஊர்" என்று பேரன் எழுதிக் கொடுத்திருக்கிறான். காலையில் கருவி காட்டுவதை அவர் இடப்பக்கம் எழுதுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் 18 ஆல் பெருக்கி வலப்பக்கத்தை நிரப்புவான். எமக்குக் காட்டிய அன்று இடப்பக்கத்தில் 7.4 என்று இருந்தது. வலப்பக்கத்தில் 133. "இன்னும் கொஞ்சம் குறையவேணும்" என்றார் அந்த அம்மா, வலப்பக்கத்தைப் பார்த்துத்தான்.